வைத்தியப் படிப்பும் நாட்டு வழக்கமும்

வைத்தியர்களையும் தாதிமார்களையும் மருத்துவச்சிகளையும் பழக்கும் படிப்பை அந்தந்த நாட்டு மக்களின் கலாசாரத்துக்குத் தகுந்தபடி மாற்றி அமைக்க வேண்டும் என்கின்ற பேச்சு இன்று உலகமெங்கும் பலமாக அடிபடுகின்றது. ஒரு தேசத்தில் எழுதப்பட்ட பாடத்தை மற்றொரு தேசத்திற்கு மூட்டை கட்டிக் கொண்டுபோய் அப்படியே ஒப்புவிக்கச் செய்தால் பயன்படாது என்று பெரிய பெரிய நிபுணர்கள் எல்லாம் சொல்லுகின்றார்கள். இது சரியான பேச்சேயாகும். ஆனால் இதற்குள் இரண்டு வேறு வேறு சங்கதிகள் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. ஒன்று ஜனங்களின் உயிரைக் காப்பது. மற்றொன்று உயிரை வாங்குவது. இரண்டுக்கும் "கலாசாரம்" என்று ஒரே பெயரை வைத்துவிட்டபடியால், நல்லதைக் காட்டிக் கெட்டதையும் உள்ளே நுழைப்பவர்களுக்குப் பெரிய சௌகரியம் ஏற்பட்டுவிட்டது. ஆகவே எதை மாற்ற வேண்டும், எதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதைப் பாமர மக்களும் யோசித்துப் பார்க்கும்படியாகச் சில விஷயங்களை எழுதுகின்றோம்.

முதலாவது பாஷை. நோயாளி பேசுவது ஒரு பாஷை. வைத்தியன் படிப்பது மற்றொரு பாஷை. நம் நாட்டில் ஒரு கிழவி ஆஸ்பத்திரிக்கு வந்து "நெஞ்சில் வாயு பிடித்துக் கொண்டது" என்கின்றாள். அவள் சொல்லுகின்ற வாயு வெறும் அஜீரணமாகவும் இருக்கலாம். இருதயத்துக்கு இரத்தம் போகும் குழாய் அடைபட்டதாகவும் இருக்கலாம். பின்னதாய் இருந்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். இன்னொருவன் "நரம்பு ஊசி போட்டார்கள்" என்கின்றான். அவன் நரம்பு என்று சொல்வது இரத்தக் குழாயை. பாடப் புத்தகத்திலோ நரம்பு என்றால் உணர்ச்சியைக் கொண்டு செல்லும் இழை. "சூடு", "கிறுகிறுப்பு", "நீர்க்கடுப்பு", "வெள்ளைப்படுதல்" என்கின்ற இந்தச் சொற்களை எல்லாம் எந்தப் பரீட்சையில் கேட்கின்றார்கள்? மாணாக்கன் ஐந்தாறு வருஷம் இங்கிலீஷில் படித்துத் தேறிய பிறகு, தன் சொந்த ஊர் நோயாளியிடம் அந்நிய தேசத்தான் போல் விழிக்க வேண்டியிருந்தால், அந்தப் படிப்பு யாருக்காக ஏற்பட்டது என்று கேட்கின்றோம். 2019ஆம் வருஷத்துப் புதிய பாடத்திட்டத்தில், முதல் வருஷ மாணாக்கர்களுக்கு ஆரம்ப அறிமுகப் பாடமாக ஒரு மாதம் ஒதுக்கி, அதற்குள் உள்ளூர்ப் பாஷையையும் சேர்த்தார்கள். பல மாகாணங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கின்ற இந்தக் காலத்தில் அவ்வளவாவது செய்தது நல்லதுதான். ஆனால் நோயாளியின் பேச்சு என்பது தண்டவாளம் தெரிந்துகொள்ள வந்த பிரயாணி நாலு வார்த்தை கற்பது போன்ற காரியமா?

"இங்கிலீஷ் இல்லாவிட்டால் வைத்திய சாஸ்திரமே கற்பிக்க முடியாது" என்று சொல்லுகின்றவர்கள் நம்மிடையில் ஏராளமாய் இருக்கின்றார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வெகு தூரம் போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குப் போனால் போதும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஊஸ்டர் என்னும் ஊரில் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிரீன் என்பவர் பாதிரிமார் சங்கத்து வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது சுமார் 25. மறு வருஷமே மானிப்பாயில் சில மாணாக்கர்களைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் கற்பிக்க ஆரம்பித்தார். முதலில் இங்கிலீஷில்தான் கற்பித்தார். பலன் என்ன ஆயிற்று? இங்கிலீஷில் படித்துத் தேறியவர்கள் சர்க்கார் உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குப் போகலானார்கள். எந்தக் கிராமத்து ஜனங்களுக்காக அவர்களைப் பழக்கினாரோ அந்தக் கிராமங்கள் பழையபடியே கிடந்தன. இதைக் கண்ட கிரீன், விடுமுறைக்கு அமெரிக்கா சென்று 1862இல் திரும்பி வந்த பிறகு, வைத்தியம் முழுவதையும் தமிழிலேயே கற்பிப்பது என்று தீர்மானித்து, 1864 முதல் அப்படியே நடத்தினார். தமிழில் படித்தவன் தமிழ் ஜனங்களிடையே தங்குவான் என்பதே அவருடைய கணக்கு.

கற்பிப்பதற்குப் புத்தகம் வேண்டாமா? தாமும் தம் மாணாக்கர்களுமாக உட்கார்ந்து எழுதினார்கள். பிரசவம் பற்றிய நூல் "பிரசவ வைத்தியம்" ஆயிற்று. கத்தி வைத்தியத்துக்கு "இரண வைத்தியம்" வந்தது. இன்றைக்கும் உலகமெங்கும் மாணாக்கர்கள் படிக்கின்ற கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் "மனுஷ அங்காதிபாதம்" என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. இரசாயன நூல் "கெமிஸ்தம்" என்ற பெயரில் 1875இல் அச்சாயிற்று. தமிழில் சொல் இருந்தால் தமிழ்ச் சொல். இல்லாவிட்டால் சமஸ்கிருதச் சொல். அதுவும் பொருந்தாவிட்டால் இங்கிலீஷ்ச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது என்று ஒரு ஒழுங்கும் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சொற்களில் பல இன்று நம் காதுக்குக் கரடுமுரடாய் இருக்கலாம். இருக்கட்டும். சொல் பழகப் பழக மழுங்கி வழவழப்பாகும். பேசாமலே பூட்டி வைத்தால் எந்தச் சொல்லும் கரடுமுரடுதான். கிரீன் 1873இல் ஊர் திரும்பும் வரையில் அவரிடம் வைத்தியம் கற்றுத் தேறியவர்கள் அறுபது பேருக்கு மேல். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் தமிழிலேயே கற்றவர்கள். நம் தமிழ்நாட்டிலே இன்றைக்கு எவ்வளவு கலாசாலைகள், எவ்வளவு கட்டடங்கள், எவ்வளவு கோடி ரூபாய்! நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒரு அந்நியனும் சில யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் செய்து காட்டியதை முடியாது என்று சொல்ல நமக்கு வெட்கமாக இருக்க வேண்டாமா?

கிரீன் மத பிரசாரத்துக்காக வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவரிடம் படித்த தமிழ்ப் பிள்ளைகள் சாப்மன் என்றும் டான்வர்த் என்றும் அமெரிக்கப் பெயர்களுடன் இருந்தார்கள். அதாவது பாடம் தமிழுக்கு மாறிற்று. பையன் பெயர் அமெரிக்காவுக்கு மாறிற்று! கலாசாரத்துக்குத் தகுந்தபடி மாற்றுவது என்பதில் எவ்வளவு வேடிக்கை கலந்திருக்கக் கூடும் என்பதற்கு இதுவே போதுமான சாட்சி. என்றாலும், அவருடைய மதத்தை ஒப்புக்கொள்ளாதவனுக்கும் அவருடைய "இரண வைத்தியம்" பயன்பட்டது. நமக்கு வேண்டியது அதுதான்.

அவர் போன பின் அந்த முறை ஏன் நிலைக்கவில்லை? 1870இல் சர்க்கார் கொழும்பில் வைத்தியப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அங்கே படிப்பு இங்கிலீஷில். உத்தியோகம் எங்கேயோ, பட்டம் எங்கேயோ, அங்கேதான் ஜனங்கள் போவார்கள். மானிப்பாயில் தமிழ் தோற்கவில்லை. தமிழில் படித்தவனுக்கு உத்தியோக மதிப்பு இல்லாமல் போனதே தோற்றது.

இந்த வித்தை வடக்கே கல்கத்தாவில் இதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. அங்கே 1822இல் கம்பெனி சர்க்கார் நாட்டு மாணாக்கர்களுக்கென்று ஒரு வைத்தியப் பள்ளி வைத்து, நாட்டுப் பாஷையில் கற்பித்தார்கள். 1835இல் பெண்டிங்க் பிரபு அதை எடுத்துவிட்டு, இங்கிலீஷில் கற்பிக்கும் வைத்தியக் கலாசாலையை ஏற்படுத்தினார். அப்பொழுது இரண்டு ஆசங்கைகள் சொல்லப்பட்டன. ஒன்று, நாட்டுப் பாஷையில் இந்தப் புதிய சாஸ்திரத்தைக் கற்பிக்க முடியாது என்பது. மற்றொன்று, இந்துக்கள் பிணத்தைத் தொடமாட்டார்கள். தொட்டால் ஜாதி போய்விடும். ஆதலால் அறுத்துப் பார்த்து உடற்கூறு கற்பது இந்த நாட்டில் நடக்காது என்பது. என்ன நடந்தது பாருங்கள். மறு வருஷமே, அதாவது 1836இல், சமஸ்கிருதக் கலாசாலையில் ஆயுர்வேதம் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்த பண்டிதர் மதுசூதன் குப்தர் என்பவர் கத்தியை எடுத்துப் பிணத்தை அறுத்தார். மாணாக்கர்களும் அறுத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. எது ஒருக்காலும் மாறாது என்று சொன்னார்களோ அந்தத் தீட்டு ஒரே வருஷத்தில் மாறிற்று. எது மாற வேண்டிய அவசியமே இல்லையோ அந்தப் பாஷையை மாத்திரம் மாற்றிவிட்டார்கள்!

அதிலும் ஒரு வேடிக்கை. இங்கிலீஷ் படித்த வைத்தியர்கள் நாட்டுக்குப் போதவில்லை என்று கண்டு, 1839இல் அதே கலாசாலையில் இந்துஸ்தானி வகுப்பும், 1852இல் வங்காளி வகுப்பும் சர்க்காரே திறக்க வேண்டி வந்தது. ஆனால் அந்த வகுப்புகளில் படித்தவர்களுக்குப் பெயர் "நேட்டிவ் டாக்டர்". சம்பளம் குறைவு, அந்தஸ்து குறைவு. ஆகவே நாட்டுப் பாஷையில் படிக்க முடியாது என்பது பொய். நாட்டுப் பாஷையில் படித்தவன் கீழே இருக்க வேண்டும் என்பதே உண்மை. பாஷையைக் கொண்டே ஒரு புதிய ஜாதியை உண்டாக்கி விட்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன அர்த்தம் சொல்லுவது?

இதற்கு நேர்மாறாய் நடந்து கொண்ட ஒரு நாட்டையும் பார்ப்போம். ஜப்பானில் 1771ஆம் வருஷத்தில், சுகிதா கென்பாகு, மாயெனோ ரியோதாகு முதலிய சில வைத்தியர்கள், மரண தண்டனைக் களத்தில் ஒரு பிணத்தை அறுப்பதைப் பார்க்கப் போனார்கள். கையில் டச்சுப் பாஷையில் அச்சிட்ட ஒரு உடற்கூற்றுப் புத்தகம் இருந்தது. அவர்கள் அதுவரை படித்ததெல்லாம் பழைய சீன வைத்திய நூல்கள். பிணத்தை அறுத்தது யார்? அந்த நாட்டில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கூட்டத்தைச் சேர்ந்த தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர். அவர் அறுத்து, இது இருதயம், இது ஈரல், இது பித்தப்பை என்று ஒவ்வொன்றாய்க் காட்டினார். தாம் சிறு வயது முதல் எத்தனையோ பிணங்களை அறுத்திருப்பதாகவும், எல்லாவற்றிலும் உறுப்புக்கள் இதேபோல்தான் இருந்தன என்றும் சொன்னார். வைத்தியர்கள் டச்சுப் படத்தைப் பார்த்தார்கள். அது கிழவர் காட்டியதோடு அப்படியே ஒத்திருந்தது. தாங்கள் வாழ்நாளெல்லாம் பக்தியோடு படித்த நூல்களோ ஒத்திருக்கவில்லை.

தோழர்களே! இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாய்ப் புத்தகம் படித்த வைத்தியர்களுக்குத் தெரியாத மனித உடல், படிக்கவே விடாமல் ஒதுக்கி வைக்கப்பட்ட அந்தக் கிழவருக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் அவர் தொட்டவர்; இவர்கள் தொடாதவர்கள். தொடாதவனுக்கு மேல் ஜாதிப் பட்டம் கிடைக்கும், அறிவு கிடைக்காது. நம் நாட்டிலும் அதே கதைதானே? கட்டி அறுத்தவர்களும், பிள்ளைப்பேறு பார்த்தவர்களும் அம்பட்டர் என்றும் மருத்துவச்சி என்றும் தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள். பிள்ளையை உயிரோடு எடுத்துக் கொடுத்த கைக்கு வீட்டுக்குள் தண்ணீர்ச் சொம்பைத் தொட உரிமையில்லை. கையால் கற்ற அறிவும் ஏட்டால் கற்ற அறிவும் ஒன்றோடொன்று சேரவிடாமல் நடுவில் ஜாதிச் சுவர் நின்றது. வைத்தியம் வளராமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டுமா?

நிற்க, அந்த ஜப்பானிய வைத்தியர்கள் என்ன செய்தார்கள்? அந்த டச்சுப் புத்தகத்தைத் தங்கள் நாட்டு வைத்தியர்கள் படிக்கும்படி ஆக்கியே தீர்வது என்று மறுநாளே உட்கார்ந்தார்கள். சரியான அகராதி இல்லை. சில சமயம் ஒரே வரிக்கு ஒரு பகல் முழுவதும் ஆயிற்று என்று சுகிதாவே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1774இல் புத்தகம் வெளிவந்தது. உணர்ச்சி நரம்புக்கு அவர்கள் அன்று உண்டாக்கிய சொல்லையே ஜப்பானியர் இன்றும் வழங்குகிறார்கள். "எங்கள் கலாசாரத்தில் சீன நூல்தான் உண்டு" என்று அவர்கள் சண்டைக்கு நிற்கவில்லை. "டச்சு கற்றவன்தான் வைத்தியன்" என்று பாஷையிலும் வேலி போடவில்லை. விஷயத்தை வெளியிலிருந்து எடுத்தார்கள். பாஷையைத் தங்களுடையதாக வைத்துக் கொண்டார்கள். இதுதான் தகுந்தபடி மாற்றுவது என்பது.

இரண்டாவது மாற வேண்டியது, பாடத்தில் வரும் உடலும் நோயும் இடமும். வைத்தியப் பாடப் புத்தகங்களில் தோல் வியாதிப் படங்கள் எல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தோலில்தான் காட்டப்பட்டு வந்திருக்கின்றன. சிவந்து தடிக்கும் என்று எழுதியிருக்கும். கறுப்புத் தோலில் அது சிவப்பாய்த் தெரியாது. உடம்பில் பிராணவாயு குறைந்தால் உதடு நீலம் பாரிக்கும் என்று எழுதியிருக்கும். கறுத்த உதட்டில் அந்த நீலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதியிராது. 2020இல் லண்டனில் மலோன் முக்வெண்டே என்கின்ற ஒரு வைத்திய மாணாக்கர், கறுத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்பதற்குப் படங்களோடு ஒரு கைப்புத்தகமே தயாரிக்க வேண்டியதாயிற்று. அதே வருஷத்தில், விரலில் மாட்டிப் பிராணவாயு அளக்கும் கருவி கறுப்பர்களிடத்தில் உண்மையைவிட அதிகமாய்க் காட்டிவிடுவதுண்டு என்று அமெரிக்க வைத்தியர்கள் கண்டு வெளியிட்டார்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு அந்தக் கருவியை நம்பிக்கொண்டு இருந்தோமே, அந்தக் கருவிதான்! ஆகவே இங்கே தேவைப்படுவது நல்ல சாஸ்திரம். யாருடைய மனதையும் புண்படுத்தாமல் இருப்பதற்கான உபசாரம் அல்ல. ஒரு நிறத்தாரை மாத்திரம் மனிதர் என்று வைத்து எழுதிய பாடம் அரைப் பாடம்.

மூன்றாவதுதான் விவகாரமானது. அதாவது வழக்கம், மதம், ஜாதி, சாஸ்திரம் என்பவை. இவற்றுக்கும் தகுந்தபடி வைத்தியப் படிப்பை மாற்ற வேண்டும் என்கின்றார்கள். நாம் எல்லா வழக்கத்தையும் தள்ள வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வழக்கத்தையும் பிடித்து நிறுத்தி, "உன்னால் நோயாளிக்கு நன்மையா, கேடா?" என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லுகின்றோம்.

பிறந்த குழந்தையின் தொப்புள் கொடியைக் கண்ட கத்தியால் அறுத்து, அதன்மேல் சாணத்தை அப்புகின்ற வழக்கம் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல இடங்களில் இருந்து வந்தது. குழந்தை ஒரு வாரம் பத்து நாளில் பால் குடிக்க மாட்டாமல், தாடை கிட்டி, உடம்பு வில்லாய் வளைந்து செத்துப் போகும். பேய் அடித்தது என்பார்கள்; தலையெழுத்து என்பார்கள். அடித்தது பேயும் அல்ல, எழுதினது பிரமனும் அல்ல. சாணத்திலும் மண்ணிலும் இருக்கின்ற இசிவுக் கிருமிதான் கொன்றது. சாணம் எங்கள் கலாசாரம் என்று மருத்துவச்சிகளுக்கு அதையே பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படிச் செய்யாமல், தாய்க்குத் தடுப்பு ஊசியும், சுத்தமான கையும், சுத்தமான கத்தியும் என்று கிராமம் கிராமமாய்ப் பழக்கியதனால்தான், பச்சைக் குழந்தைகளின் இசிவு நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக, அதாவது ஒவ்வொரு ஜில்லாவிலும் ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றுக்கும் கீழே போய்விட்டதாக, 2015இல் சொல்ல முடிந்தது. அந்தச் சாணத்துக்கு மரியாதை காட்டியிருந்தால் அத்தனை குழந்தைகளையும் அல்லவா பலி கொடுத்திருப்போம்!

மற்றொரு பக்கமும் உண்டு. 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, லைபீரியா, சியரா லியோன் என்ற மூன்று நாடுகளில் எபோலா என்னும் கொள்ளை நோய் பரவி 11,000 பேருக்கு மேல் மாண்டார்கள். செத்தவரின் உடம்பைக் குளிப்பாட்டித் தொட்டு அடக்கம் செய்யும் வழக்கத்தினால் நோய் மிகவும் பரவிற்று. முதலில் என்ன செய்தார்கள்? உடம்பெல்லாம் மூடிய உடுப்புப் போட்ட ஆட்கள் வந்து, உறவினரைக் கிட்டவும் விடாமல், பிணத்தைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். ஜனங்கள் பயந்து பிணங்களை ஒளித்து வைத்தார்கள். நோயாளிகளையும் ஒளித்து வைத்தார்கள். நோய் இன்னும் பரவிற்று. பிறகு 1914ஆம் வருஷத்து மூளையோடு இருந்தால் ஆகாது என்று கண்டு, 2014 நவம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் கிறிஸ்தவ, முஸ்லிம் அமைப்புகளோடு கலந்து பேசி, அடக்கம் செய்யும் ஆட்களுக்குப் புதிய முறை வகுத்துக் கொடுத்தது. உறவினர் தூரத்தில் நின்று பார்க்கலாம், பெயர் எழுதிய குழி, பிரார்த்தனை செய்யலாம், ஆனால் உடம்பைத் தொடக்கூடாது. துக்கப்படுகின்றவனின் மனதுக்கு இடம் கொடுத்தார்கள். கிருமிக்கு இடம் கொடுக்கவில்லை. நாம் சொல்லுகின்ற வித்தியாசம் இதுதான். பிரார்த்தனையில் நமக்கு நம்பிக்கையில்லை என்பது வேறு விஷயம். செத்தவனுக்காக ஒருவன் தூரத்தில் நின்று முணுமுணுப்பதால் பக்கத்து வீட்டுக்காரன் சாகமாட்டான்; பிணத்தைத் தொட்டால் சாவான். பகுத்தறிவு என்பது இந்தக் கணக்கைப் போடத் தெரிவதேயாகும்.

இனி, கலாசாரத்தின் பெயரால் நம் நாட்டில் நடப்பதைப் பாருங்கள். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், புதிதாய்ச் சேரும் வைத்திய மாணாக்கர்கள் சரகரின் பெயரால் சபதம் எடுத்துக்கொள்ளலாம் என்று சிபாரிசு செய்தது. அந்த வருஷம் ஏப்ரல் மாதத்தில் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் மாணாக்கர்கள் அப்படிச் சபதம் எடுத்ததன்மேல் பெரிய கிளர்ச்சியே உண்டாயிற்று. "கிரேக்கனுடைய சபதத்தை எடுக்கலாம், நம் நாட்டுச் சரகனுடையதை எடுக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். கேள்வி கேட்பதற்கு நன்றாய்த்தான் இருக்கின்றது. ஆனால் சரக சம்ஹிதையின் விமான ஸ்தானத்தில் குரு சிஷ்யனுக்குச் சொல்லுவது என்ன? அக்கினியையும் பார்ப்பனர்களையும் சாட்சியாய் வைத்துக்கொண்டு, பசுவுக்கும் பார்ப்பனருக்கும் முதலில் க்ஷேமம் கோர வேண்டும் என்கின்றது. அரசனுக்கு ஆகாதவனுக்கு வைத்தியம் செய்யக்கூடாது என்கின்றது. புருஷனோ பாதுகாவலனோ கூட இல்லாத பெண்ணுக்கும் வைத்தியம் செய்யக்கூடாது என்கின்றது. ஆணையம் சிபாரிசு செய்தது இதை அப்படியே அல்ல, திருத்திய வாசகம் என்பது மெய்தான். அப்படியானால் நாம் கேட்கின்றோம்: திருத்தித்தான் ஆகவேண்டும் என்று உங்களுக்கே தோன்றுகின்ற ஒன்றை, பெயரை மாத்திரம் காப்பாற்றுவதற்காக ஏன் பிள்ளைகள் வாயில் திணிக்க வேண்டும்? விதவை ஒருத்தி நடு இராத்திரியில் தனியாய் வயிற்று வலியோடு வந்தால் வைத்தியன் சபதத்தைப் பார்ப்பதா, அவள் நாடியைப் பார்ப்பதா?

கிரேக்கச் சபதமும் நமக்கு வேதம் அல்ல. அதுவும் அப்போலோ முதலிய கிரேக்கக் கடவுள்கள் மேல் ஆணையிட்டு ஆரம்பிப்பதுதான். அந்தக் கடவுளும் வேண்டாம், இந்த அக்கினியும் வேண்டாம் என்றால் வேறு வழி இல்லையா? இருக்கின்றது. 1948இல் உலக வைத்திய சங்கத்தார் ஜினீவாவில் ஒரு பிரகடனம் செய்தார்கள். ஹிட்லர் ஆட்சியில் வைத்தியர்களே மனிதர்களைச் சித்திரவதை செய்து பரிசோதனை நடத்திய அக்கிரமத்தைக் கண்ட பிறகு எழுதப்பட்டது அது. மதம், தேசம், இனம், கட்சி, சமூக அந்தஸ்து எதுவும் எனக்கும் என் நோயாளிக்கும் குறுக்கே வர விடமாட்டேன் என்பது அதன் கருத்து. இதற்கு எந்த நாட்டுச் சாமியும் தேவையில்லை. இதை எந்த நாட்டானும் தன் பாஷையில் சொல்லலாம். 2017இல் அதையும் காலத்துக்கேற்பத் திருத்தியிருக்கிறார்கள். திருத்தக் கூடியதாய் இருப்பதே அதன் பெருமை.

கலாசாரத்தோடு இணங்கிப் போவதற்கும், ஜனங்களோடு இணங்கிப் போவதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு இன்னும் ஒரு திருஷ்டாந்தம் சொல்லுவோம். மராட்டிய நாட்டில் ஜாம்கேட் என்கின்ற வறண்ட பிரதேசத்தில் 1970இல் ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே என்கின்ற வைத்தியத் தம்பதிகள் ஒரு சுகாதார வேலையை ஆரம்பித்தார்கள். கிராமங்களிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்துச் சுகாதார ஊழியர்களாகப் பழக்கினார்கள். அவர்களில் அநேகர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பலர் தாழ்த்தப்பட்ட ஜாதியைச் சேர்ந்தவர்கள். பாடத்தை அந்தப் பெண்களுக்குத் தெரிந்த பேச்சிலும் பாட்டிலும் படத்திலும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ஜாதிக்குத் தகுந்தபடி பந்தி பிரித்து உட்கார வைக்கவில்லை. எல்லா ஜாதிப் பெண்களும் ஒன்றாய் இருந்து கற்க வேண்டும் என்று வைத்தார்கள். எழுத்துத் தெரியாதவளுக்காகப் பாடத்தை வளைத்தார்கள், தீண்டாமைக்காக வளைக்கவில்லை. பிரசவம் பார்க்கவும், குழந்தை எடை குறைவதைக் கண்டுபிடிக்கவும் அந்தப் பெண்களால் முடிந்தது. புத்தி என்பது ஒரு ஜாதியின் பிதிரார்ஜித சொத்து என்கின்றவர்கள் இதற்கு என்ன சொல்லுகின்றார்கள்?

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு பார்க்கும்போது, செய்ய வேண்டியது இன்னது என்பது தெளிவாகவே இருக்கின்றது.

முதலாவது, தமிழ்நாட்டில் வைத்தியம் படிக்கின்ற ஒவ்வொருவரும் நோயாளியிடம் தமிழில் விசாரித்து, நோயையும் மருந்தையும் தமிழில் விளக்கிச் சொல்லத் தெரிந்தவர்களாய் இருக்க வேண்டும். அதைப் பரீட்சையிலேயே வைக்க வேண்டும். பரீட்சையில் இல்லாததை மாணாக்கன் படிக்கமாட்டான்.

இரண்டாவது, வைத்திய நூல்கள் தமிழில் வர வேண்டும். 2022இல் மத்தியப் பிரதேசத்தில் ஹிந்தியில் வைத்தியப் பாடநூல்களை வெளியிட்டார்கள். அவரவர் பாஷையில் அவரவர் படிப்பதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே கிரேயின் நூலைத் தமிழில் அச்சிட்டிருந்தும், இன்று நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அழகல்ல. அதே சமயத்தில் இங்கிலீஷைத் தள்ளிவிட வேண்டும் என்பதும் நம் கருத்தல்ல. உலகத்து அறிவு வந்து சேருகின்ற வாசல் அது. வாசலை அடைப்பது முட்டாள்தனம். வீட்டுக்குள் வந்த பிறகும் வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பது அதைவிட முட்டாள்தனம்.

மூன்றாவது, தமிழில் படித்தவனுக்கு ஒரு சம்பளம், இங்கிலீஷில் படித்தவனுக்கு ஒரு சம்பளம் என்று கல்கத்தாவில் செய்தது போல் ஒரு புதிய வருணாசிரமத்தை உண்டாக்காமல், ஒரே பட்டம், ஒரே பரீட்சை, ஒரே மதிப்பு என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏழைப் பிள்ளை தமிழிலும், பணக்காரப் பிள்ளை இங்கிலீஷிலும் படித்து, பழைய கதையே திரும்பி வரும்.

நான்காவது, பாடத்தில் நம் ஜனங்களின் தோல், நம் ஜனங்களின் சாப்பாடு, நம் ஊர் நோய், நம் ஊர்ப் பாம்புக்கடி எல்லாம் முதல் இடத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, மந்திரம், ராகுகாலம், ஜாதகம், தீட்டு முதலிய எதுவும் கலாசாரம் என்ற முகமூடி போட்டுக்கொண்டு பாடத்திட்டத்துக்குள் வரக்கூடாது. அவற்றை நம்புகின்ற நோயாளியிடம் கோபிக்காமல், ஏளனம் செய்யாமல், பொறுமையாய்ப் பேசி உண்மையை உணர்த்துவது எப்படி என்பதை மாத்திரம் வைத்தியனுக்குக் கற்பிக்க வேண்டும். நோயாளியை மதிக்க வேண்டும். அவன் தலையில் ஏற்றி வைத்திருக்கும் மூடநம்பிக்கையை மதிக்க வேண்டியதில்லை. சுமப்பவன் வேறு, சுமை வேறு.

தோழர்களே! கலாசாரம் என்பது மனிதனுக்காக ஏற்பட்டதே தவிர, மனிதன் கலாசாரத்துக்காக ஏற்பட்டவன் அல்ல. இனிமேல் எவராவது உங்களிடம் வந்து, இந்த வைத்தியப் படிப்பை நம் கலாசாரத்துக்குத் தகுந்தபடி மாற்றப் போகின்றோம் என்று சொன்னால், உடனே கையைத் தட்டிவிடவும் வேண்டாம். உடனே எதிர்க்கவும் வேண்டாம். "மாற்றுவது நோயாளிக்குப் புரிய வைப்பதற்கா, அல்லது வைத்தியன் மூளையை மூடுவதற்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முன்னதானால் பக்கத்தில் நின்று உதவி செய்யுங்கள். பின்னதானால் வாசலிலேயே நிறுத்துங்கள்.